வெல்வெட் அங்கிக்கு ஒரு தோள்

ஊசி சதைக்குள் இறங்கி மறுபக்கம் எழுந்தது. வலக்கையில் மூன்று விரல்கள் போயிருந்தன. மிஞ்சிய தோலை இழுத்து மூடித் தைத்துக்கொண்டிருந்தன டாக்டரின் கைகள். மயங்கிக் கிடந்தவன் சாகின். அந்த மலைப்பக்கத்துக் கால்வாய்களை வரைந்த என்ஜினியர். ஊர்த்தலைவர் தேர்தலில் நின்றவன்.

நிற்பவன் தோளில் பெரியவர்கள் வெல்வெட் அங்கி போர்த்துவார்கள். போர்த்திக்கொண்டவன், தரையில் கிடக்கும் கிடாவைக் குதிரைமேலிருந்தே பறிக்கும் ஆட்டத்தில் இறங்க வேண்டும். இறங்காதவனுக்குக் கோழை என்று பெயர். சாகின் குதிரை ஏறிப் பல வருஷமாகிவிட்டது. தலை வெட்டிய கிடாவை எடுக்க அவன் குனிந்ததும் இப்போதைய தலைவரின் ஆட்கள் நெருக்கினார்கள். ஒரு சாட்டை அவன் விரல்களைச் சுற்றியது. சாட்டைக்காரனின் குதிரை எதிர்ப்பக்கம் பாய்ந்தது. விழுந்தவன் மேல் குளம்புகள் ஏறின.

ஆட்டத்தில் பட்ட அடிக்கு அங்கே வழக்கு கிடையாது.

வாசலில் ஜுமாலி பெரியவர் நின்றார், கையில் சாகின் போர்த்தியிருந்த அதே அங்கி. "புருல், அடுத்து நீதாம்மா."

புருல் அந்த ஊரின் ஒரே அறுவைச் சிகிச்சை டாக்டர். போன குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரின் டீசலைத் தலைவரின் ஆட்கள் விற்றுவிட்டார்கள். வயிறு திறந்திருக்கும்போது மின்சாரம் போய், ஒரு பெண் அவள் கையிலேயே செத்தாள். தேர்தலில் நானே நிற்கிறேன் என்று அப்போது சந்தையில் கத்தியவள்தான் புருல்.

"நான் குதிரை ஏறணுமா?"

"பொம்பளை எதுக்கு? உன் தம்பி ஏறுவான்."

அவள் பதில் சொல்லுமுன் தலைவரின் தம்பி தெமிர் புருவம் கிழிந்து உள்ளே வந்தான். "டாக்டரக்கா, எனக்கும் ரெண்டு தையல் போடு. உனக்கு நல்ல கை. அதைச் சாட்டை பக்கம் கொண்டு போயிடாத."

மரத்துப்போக வைக்கும் ஊசி போடாமலே தைத்தாள். அவன் அலறினான்.

"ஆட்டத்துல பட்டதுதானே தம்பி, கத்தாத."

அவன் போனபின் அங்கியை வாங்கி விரித்தாள். முதுகில் நீளமாகக் கத்தி கிழித்திருந்தது; நெருக்கியவர்களிடம் சாட்டை மட்டும் இருந்திருக்கவில்லை. பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரத்தம் காய்ந்த வெல்வெட்டைக் காயம் தைத்த அதே நூலால் நெருக்கமாகத் தைத்தாள். மின்சாரம் போய்ச் செத்த பெண்ணின் முகம் நினைவில் வந்தது. தன் தம்பியின் விரல்களும் வந்தன. கோணிப்போன ஒரு தையலைப் பிரித்து மறுபடி போட்டாள்.

"இந்தாங்க பெரியப்பா. எனக்குத் தைக்கிற வேலை இருக்கு. வேற ஒரு வேலையும் தெரியாதவனாப் பாத்துப் போடுங்க" என்று மடித்து அவர் கையில் கொடுத்தாள்.