ஸ்கேன் அறை இத்ரீஸும் டமடமச் சத்தமும்

இத்ரீஸ் என்ற பெயரை ரொஸ்னா முதன்முதலாகக் கேட்டது ஆயர் ஈத்தாம் பசாரில், கெம்போங் மீனுக்கு நின்றபோது. சொன்னவர் அவளுடைய சாச்சி ஹபீபா பீவி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கிறவர், நம்ம ஆள்தான் என்றார். நம்ம ஆள் என்றால், சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருந்த நாகூர் மீரானின் மூத்த மகளைக் கட்டியவர். நாகூர் மீரானோ சாச்சியின் கொழுந்தனுக்குச் சம்பந்தி. இத்தனை நெருங்கிய சொந்தம் இவ்வளவு நாள் தெரியாமல் போனதே என்று ரொஸ்னாவுக்கு வெட்கமாக இருந்தது.

காரியம் அவள் மகள் அஃப்ரீனுக்கு. ஒன்றரை வயது. தலை வயதுக்கு மீறிப் பெரிது, இன்னும் நடக்கவில்லை. முதல் ஸ்கேனில் மூளையின் வெள்ளைப் பகுதி பழுதாகத் தெரிந்தது. டாக்டர் காமினி எதையும் ஒளிக்கவில்லை. இப்படிப் படம் காட்டக்கூடியவை இரண்டு நோய்கள் என்றார். ஒன்று பிள்ளையைச் சில வருஷத்தில் கொண்டுபோய்விடும். மற்றது மெதுவானது, நடை தள்ளாடும், ஆனால் பிள்ளை வளரும். வெறும் படத்தில் இரண்டும் ஒரே மாதிரி. மூளைக்குள் இருக்கும் ரசாயனங்களை அளந்து, மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டுக் காட்டும் இன்னொரு ஸ்கேன் உண்டு. அதில் ஒரு குறிப்பிட்ட மேடு மட்டும் ஓங்கி நின்றால் முதல் நோய். ஆனால் பிள்ளை அசையவே கூடாது. போன தடவை மயக்க மருந்தில் மூச்சு தடுமாறியதால், இந்தத் தடவை சும்மா தூங்கவைத்து எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

அதற்குத்தான் இத்ரீஸ். குட்டை மனிதர். அவருடைய லாக்கரில் ஊசி குத்தத் தேவையில்லாத தூடோங், அதாவது தலைத்துணி, அரை டஜன் இருக்கும்; ஸ்கேன் மெஷினே பெரிய காந்தம், ஊசியை இழுத்துவிடும்; காந்த அறைக்கு வரும் அம்மாமார் தலையில் எத்தனை ஊசி குத்தியிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மெஷின் போடும் சத்தத்தைப் பதிவுசெய்து ரொஸ்னாவுக்கு அனுப்பி, இரண்டு வாரம் மத்தியானத் தூக்கத்துக்கு இதையே போடச் சொன்னார்.

போட்டார்கள். மேல்வீட்டு மீனாட்சி அக்கா இறங்கிவந்து, வீட்டில் ரெனவேஷனா என்று கேட்டுப்போனார். நாலாம் நாளே அஃப்ரீன் அந்த டமடமச் சத்தம் கேட்டதும் கொட்டாவி விட்டாள். அவளுக்கு முன்னால் ரொஸ்னாவின் புருஷன் இர்வான் தூங்கிப்போனான்.

ஸ்கேன் நாளன்று ரொஸ்னாவும் உள்ளே கூட நின்றாள். காதை மூடிப் படுக்கவைத்த பிள்ளை அடித்துப் போட்டதுபோலத் தூங்கியது. முதல் படங்கள் நன்றாக வந்தன. ரசாயன ஸ்கேனுக்கு முன்னால் மெஷின் கொஞ்சம் அமைதியானது. அமைதி வந்ததுதான் தாமதம், அஃப்ரீன் சிணுங்கிப் புரண்டாள்.

ஸ்பீக்கரில் இத்ரீஸ் குரல் வந்தது. "ஏம்மா, நான் அனுப்புனதுல நடுநடுவே சத்தமில்லாம இருக்கும், அதையும் சேர்த்துத்தானே போட்டீங்க?"

"இல்லண்ணே. ரெக்கார்டிங் கோளாறுன்னு நெனச்சு இவரு அதையெல்லாம் வெட்டிட்டாரு."

"நல்ல ஆளுலா உங்க வீட்டுக்காரரு. சரி, இது செட் ஆவுற வரைக்கும் நீங்களே மெஷினா இருங்க. வெக்கப்படாம சத்தமா போடுங்க."

ரொஸ்னா குனிந்து வாயாலேயே டம் டம் டர்ர் என்று போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸுகள் சிரித்தது அவளுக்குத் தெரியாது. இன்றைக்கு எழுந்துவிட்டால் எந்த நோய் என்று தெரியாமலே வீட்டுக்குப் போகவேண்டும்; அது ஒன்றுதான் மனதில். மூச்சு வாங்க வாங்கப் போட்டாள். பிள்ளையின் விரல்கள் தளர்ந்தன. மெஷின் மறுபடி முழங்கியது.

வெளியே வந்ததும் அவள் இத்ரீஸின் முகத்தையே பார்த்தாள். கோடு போடுவது மட்டும்தான் தன் வேலை, படிப்பது டாக்டர் வேலை, தன் மூஞ்சியில் ஒன்றும் எழுதவில்லை என்றார் அவர்.

மூன்று நாள் கழித்து டாக்டர் காமினி தாளை விரித்தார். அந்த மேடு ஓங்கவில்லை. பின்னால் வந்த ரத்தப் பரிசோதனையும் மெதுவான நோயைத்தான் சொன்னது. அன்றைக்குத்தான் ரொஸ்னா வாய்விட்டுக் கேட்டாள்.

"அப்போ இருப்பாளா டாக்டர்?"

"இருப்பா. மெதுவாத்தான் நடப்பா, சில நாள் விழுவா. ஆனா இருப்பா."

அஃப்ரீனுக்கு இப்போது நாலு வயது. சுவரைப் பிடித்து நடக்கிறாள். இத்ரீஸ் ஈப்போவுக்கு மாற்றலாகி, பெண்டாட்டியோடு அங்கே இருக்கிறார். ஆஸ்பத்திரி ஸ்கேன் அறையில் காலை ஷிஃப்ட் பார்க்கிறார்.