சீல் வச்ச அரிசியும் என் ரெண்டு குரலும்

தலைவர் வர லேட்டானா, அவரு குரல்லயே பேசிக் கூட்டத்தைக் கலையாமப் பிடிச்சு வைக்கிறது என் தொழில். இருமல்கூட அவரு இருமலாவே இருக்கணும். அரிசிப் பஞ்சத்துல க்யூவுல நின்னு கால் வீங்குனவங்களே, இது உங்களுக்குத்தான் புரியும்.

சீல்

திண்டுக்கல்ல ஒரு மில்காரர் பதுக்குன அரிசியப் பிடிச்சு, அந்த அரிசிக் குடோனுக்கு, எங்க பேச்சுல கிட்டங்கிக்கு, சீல் வச்சாங்க. எங்க வீட்டுல சம்சாரம் புள்ள பெத்து, சோறில்லாம மரவள்ளிக்கிழங்கு தின்னுக்கிட்டிருந்தா. பால் ஊறல.

எங்க தலைவரு கொள்கைக்காரரு. கேஸ் முடியாம ஒரு மணி அரிசி வெளிய போகாதுன்னுட்டாரு. வடமதுரை மேடையில அதையே கண்ணாடியத் தூக்கிவிட்டு, அவரு மாதிரியே சொன்னேன். ஒரே கைதட்டு. முன்வரிசைப் பூக்காரம்மா மட்டும் தட்டல.

"ஏப்பு, கேஸ் முடியிற வரைக்கும் எங்க வயித்துக்கும் சீல் வைப்பாரான்னு கேட்டுச் சொல்லு."

சமரசம்

அடுத்த கட்சித் தலைவரு காரியக்காரரு. மொதல்ல சோறு, அப்புறம் சட்டம்னாரு. மேலிடத்துல பேசி, கேஸ ஊத்தி மூடி, பாதி அரிசி ரேஷன் கடைக்கு, பாதி மில்காரருக்குன்னு முடிச்சாரு. அய்யலூர்ச் சந்தையில கூலி குடுத்தா எந்தக் கட்சிக்கும் பேசுறவன், அவருக்கும் நான்தான் குரல். பக்கத்து நாற்காலியில மில்காரரு, கழுத்துல மாலையோட. இருந்துட்டுப் போகட்டும், வீட்டுல உலை கொதிக்குமேன்னு தொண்டை கிழியப் பேசுனேன்.

கிட்டங்கியத் தெறந்தாங்க. மில்காரரு லாரிதான் மொதல்ல ஏத்துச்சு. அடியில கெடந்த மூட்டைதான் நமக்கு. மாசக்கணக்கா பூட்டிக் கெடந்ததுல பாதி மாவாப் போயிருந்துச்சு. மைக்செட் அந்தோணி ஒரு பிடி அள்ளி ஊதிப் பாத்தான்.

"நம்ம பங்கு எதுன்னு வண்டுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குலே."

க்யூ

அந்த அரிசிக்கும் விடியக்காலையே க்யூ. நானும் பையோட நின்னேன். "செத்த நேரம் ரெண்டு தலைவரையும் சண்டை போட விடுப்பா"ன்னு க்யூவுல நின்னவங்க கேட்டாங்க. விட்டேன். ஒருத்தரு சட்டம்பாரு, ஒருத்தரு சோறும்பாரு. வெயில் தெரியாமச் சிரிச்சாங்க. எனக்கு முன்னாடி ரெண்டே பேரு இருக்கையில தராசு நின்னுபோச்சு.

கடைக்காரரு பலகையெடுத்துக் கதவு அடைக்க ஆரம்பிச்சாரு. பைய விரிச்சு, "அண்ணே, வீட்டுல கைப்புள்ளக்காரிண்ணே, ஒரு ஆழாக்காவது குடுங்கண்ணே"ன்னேன். அவரு பலகையப் பிடிச்சபடி, ரசிச்சுத் தலையாட்டுனாரு.

"இது யாரு குரலுப்பா? முந்தின ரெண்டையும் விட இது நல்லாருக்கே."

ஒருத்தரு பூட்டி வச்சுக் கெடுத்தாரு, ஒருத்தரு தெறந்துவிட்டுக் கெடுத்தாரு, ரெண்டு பேருக்கும் நான் வாங்கிக் குடுத்த கைதட்டலைத்தான் உலையில போட வழியில்ல.