ஒற்றக்காவின் இடது கால்

எங்கள் அச்சகத்தில் பிழை பார்க்கிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒற்றக்கா, அதாவது ஒற்றெழுத்து பார்க்கிற அக்கா. எங்கே ஒரு 'க்' குறைகிறது, எங்கே ஒரு 'ப்' வேண்டாமல் துருத்திக்கொண்டிருக்கிறது என்று தேடித் தேடிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவது அவர் வேலை. பாடப்புத்தகமானாலும் சரி, பல்பொடி உறையானாலும் சரி, அவருக்கு ஒன்றுதான். பக்கம் வடிவமைக்கிற நான் அவரிடம் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது அவருடைய இடது கால். பத்து வருடங்களுக்கு முன்னால் கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்து அறுவைச் சிகிச்சை நடந்தபோது, இடுப்புக்குள் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். நோய் போயிற்று. ஆனால் வடிந்துபோக வழியில்லாத நீர் இடது காலில் தேங்கத் தொடங்கியது. நிணநீர் வீக்கம் என்றார்கள். முழுதாகக் குணமாகாது, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒற்றக்கா ஒரு வாரம் அழுதார். அப்புறம், "சரி, இது எப்படித்தான் வேலை செய்யுதுன்னு பார்ப்போம்" என்று கிளம்பிவிட்டார்.

பார்ப்பது என்றால் அப்படி ஒரு பார்வை. மேசைக்கு அடியில் இரண்டு தாள் கட்டுகளை அடுக்கி, இறுக்கமான காலுறை போட்ட அந்தக் காலை மேலே தூக்கி வைத்திருப்பார். மதியச் சாப்பாடு முடிந்ததும் தாள் வைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காலுறையைக் கழற்றுவார். ஒரு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி, இன்னொரு கையில் அச்சுப் புள்ளிகளைச் சோதிக்கும் பூதக்கண்ணாடி. குதிகாலிலிருந்து தொடங்கி வரி வரியாகப் படித்துக்கொண்டு வருவார். வீட்டில் கழுவும்போது தண்ணீரில் முதலில் முழங்கையை விட்டுத்தான் சூடு பார்ப்பார், அந்தக் காலுக்குச் சூடு சரியாகத் தெரியாதாம். நகத்தை நேராக வெட்டுவாரே தவிர மூலையில் நோண்டமாட்டார். வாசனையில்லாத களிம்பைத் தோல் முழுக்கத் தடவுவார், விரலிடுக்கில் மட்டும் தடவமாட்டார். வீட்டுக்குள்ளும் செருப்புதான். கொசு கடித்தால் சொறியமாட்டார், கொசுவை வாய்க்கு வந்தபடி திட்டுவார். அதிலும் ஒரு பிழை இருக்காது.

இவ்வளவு பார்த்தும் போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்துவிட்டது. ஒரே நாளில் கால் சிவந்து, கொதித்து, போர்வைக்குள் உடம்பு தூக்கிப்போட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் ஊசி. வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு குறிப்புத்தாளைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து ஒற்றக்காவுக்கு அதுதான் சட்டம். அதில் உள்ளபடி ஒரு எழுத்துக்கூட மாறாமல் நடந்தார். அப்படியும் நான்கே மாதத்தில் மறுபடி அதே காய்ச்சல்.

டாக்டர் இந்த முறை கறாராகச் சொல்லிவிட்டார். "கிருமி உள்ள வரணும்னா தோல்ல எங்கயாவது ஒரு வழி இருக்கணும். அது எதுன்னு கண்டுபிடிங்க. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வீக்கம் கூடிக்கிட்டே போகும். மூணாவது வந்தா, மாடி ஏறுறதையெல்லாம் மறந்துட வேண்டியதுதான்."

எங்கள் அச்சகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. லிப்ட் கிடையாது. பிழை பார்ப்பதை விட்டால் அந்த மனுஷிக்கு வேறு உலகமும் கிடையாது.

வேறு யாராவது பயந்து படுத்திருப்பார்கள். இவர் துப்பறியக் கிளம்பினார். புதுச் செருப்பின் வார் மேல் சந்தேகப்பட்டார், தூக்கிப் போட்டார். தாள் கட்டின் விளிம்பு மேல் சந்தேகப்பட்டார், அதற்கு மெத்தை தைத்துப் போட்டார். நான் ஆசையாகக் கொடுத்த ரோஜாச் செடிக்கு முள் இருப்பது அப்போதுதான் நினைவு வந்தது போல, அதைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம்தான். ஆனால் வழி மட்டும் அகப்படவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தாள் அறையிலிருந்து குரல் வந்தது. "ஏய், இங்க வா. சீக்கிரம் வா!"

ஓடினேன். சுண்டுவிரலையும் அடுத்த விரலையும் விலக்கிப் பிடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியை என்னிடம் நீட்டினார். இடுக்கில் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது. நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"இவ்வளவு நாளா கண்ணுல படலையே! ஒரு கமா அளவுகூட இல்ல பாரேன்." முகமெல்லாம் சிரிப்பு.

"இது சந்தோஷப்படுற விஷயமாக்கா?"

"வழி இதுதான்டி! ஆனா இங்க எப்படி ஈரம் நிக்குது? ஒரு நாள் விடாம ஒத்தி எடுக்கிறேனே." சிரிப்பு நின்று யோசனை வந்துவிட்டது.

சாயங்காலமே என் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்துப் பூஞ்சைக்குக் களிம்பு எழுதிக் கொடுத்தார். சிவப்பு இல்லை, சூடு இல்லை, கிருமி இன்னும் உள்ளே போகவில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார். எனக்கு உயிர் வந்தது. களிம்பு போடுகிற இடத்தில் அதே பழைய நர்ஸ் இருந்தார்.

"ராத்திரி கழுவினதும் இடுக்கெல்லாம் ஒத்தி எடுக்கிறீங்களா?"

"ராத்திரி எதுக்கு? காலையில மட்டும்தானே?"

நர்ஸ் நிமிர்ந்தார். "அப்படின்னு யார் சொன்னா?"

ஒற்றக்கா பையிலிருந்து அந்தக் குறிப்புத்தாளை எடுத்தார். கசங்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். வாசித்தார். "தினமும் இருவேளை வெதுவெதுப்பான நீரில் கழுவவும். காலை கழுவிய பின் விரலிடுக்குகளை ஒற்றி உலர்த்தவும்."

நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ, அது காலைப்பொழுது இல்லீங்க. கால்! இந்தக் கால்!"

"கால்னா அங்க ஒரு 'க்' வரணுமே. காலைக் கழுவிய பின்."

"அந்த 'க்' எல்லாம் எனக்குத் தெரியாதுங்க. எல்லாரும் கால்னுதான் புரிஞ்சுக்கிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் இப்படி."

"ராத்திரி கால் காத்தாடக் கிடக்குது, தானா காஞ்சிடும், அதனாலதான் காலையில மட்டும் சொல்லியிருக்காங்கன்னு நானே ஒரு காரணமும் கண்டுபிடிச்சு வச்சிருந்தேன்" என்றார் ஒற்றக்கா. குரல் இறங்கிவிட்டது.

"நான் எழுதிக் கொடுத்ததை உங்க அச்சகத்துலதானே அடிச்சாங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

முதல் காய்ச்சலில் ஒற்றக்கா படுத்திருந்த அந்தப் பத்து நாளில் வந்த வேலை அது. அடித்தவள் நான். படித்துப் பார்க்க ஆளில்லாமல் இரண்டாயிரம் பிரதி ஓட்டி அனுப்பி, அன்றே மறந்தும் போனேன். அந்த 'க்' இல்லாவிட்டாலும் வாக்கியம் தப்பாகவில்லை, பொருள் மட்டும் மாறிவிட்டது. அதனால்தான் எதற்கும் வட்டம் போடுகிறவர் கண்ணிலும் அது படவில்லை.

மிச்சமிருந்த தாள்களை நர்ஸிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒற்றக்கா வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவைத் திறந்து ஒவ்வொரு தாளிலும் 'க்' போட ஆரம்பித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீதான் அடிச்சியா?"

"ஆமாக்கா."

"எனக்கு ஒரு போன் போட்டு வாசிச்சுக் காட்டியிருக்கலாமேடி. படிக்க ஒண்ணும் இல்லாம மாத்திரை அட்டையைப் படிச்சுக்கிட்டுக் கிடந்தேன் அங்க."

உடம்பு சரியில்லாத நேரத்தில் தொந்தரவு செய்ய வேண்டாமென்று நினைத்தேன் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. அந்தக் காலைப் பார்த்தேன். சொல்ல முடியவில்லை.

"நீங்க இல்லாத அந்தப் பத்து நாளும் நிம்மதியா இருந்துச்சுக்கா. யாரும் வட்டம் போடல. அதான் கூப்பிடல." சொல்லிவிட்டு அழுதுவிட்டேன்.

அவர் இன்னும் நாலைந்து தாள்களில் 'க்' போட்டு முடித்தார். பிறகு பேனாவை மூடினார்.

"எனக்கும்தான் இந்தக் கால் இல்லாம இருந்தா நிம்மதியா இருக்கும். அதுக்காக ஒரு நாளாவது பார்க்காம விட்டேனா?"