ஓலைக்கு முந்தின சனிக்கிழமை

எங்கள் ராயபுரத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாதாகோயில் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று. முதல் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை மாப்பிள்ளையும் பெண்ணும் பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டு வரவேண்டும். ஜெப மந்திரம் தெரியுமா என்று பார்ப்பார், அவ்வளவுதான் என்று வீட்டில் சொல்லி என்னை அனுப்பினார்கள். கசாப்புக் கடைக்குப் போகிற ஆட்டிடமும் அப்படித்தான் சொல்வார்களோ என்னவோ.

ஹார்பரில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆட்கள் தலைக்கு மேல் கரித்தொட்டியை ஆட்டிக்கொண்டே பாட்டுப் பாடுகிற தைரியசாலி. சாமியார் பங்களாவின் படியில் அந்தத் தைரியசாலி செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான். பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும். பிறவிக் கோளாறு. சாவு வீடுகளில் என்னைப் பின்வரிசையில்தான் நிறுத்துவார்கள்.

பெண்ணின் அப்பாவும் கூட வந்திருந்தார். கரி இறக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. என்னைவிடச் சிரிப்பவர். வழியெல்லாம் என் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார். நமக்கென்றே செய்த மாமனார் என்று பூரித்துப்போனேன். பெண் மட்டும் அவர் கைக்கு எட்டாத தூரத்தில் நடந்து வந்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

முதலில் நான் போனேன். விசுவாச மந்திரம், பாதியில் வரும் போஞ்சு பிலாத்து பெயர் வரைக்கும் ஓடி அங்கேயே நின்றுவிட்டது. சிரித்தேன். சாமியார் சிரிக்கவில்லை. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

போனவள் வரவில்லை. வேறு யாரையாவது மனதில் வைத்திருக்கிறாளோ? என் மூஞ்சிதான் காரணமோ? ஊரார் சொல்லவேண்டிய தடைகளை எல்லாம் நானே எனக்குச் சொல்லி முடித்தேன். துறைமுகத்துக் கரித்தூள் காற்றில் ஏறி, வெயில் நேரத்திலேயே முற்றம் மங்கிக்கொண்டு வந்தது. பக்கத்தில் அவள் அப்பாவின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

“இன்னாத்த இவ்ளோ நேரம் பேசிகினு கீறா?” என்று மூடிய கதவிடம் கேட்டார். பிறகு மெல்லச் சிரித்தார். “வரட்டும். வூட்டுக்குத்தான வரணும்.”

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். காரணம் தெரியவில்லை. பதிலுக்கு நானும் சிரித்து வைத்தேன்.

சாமியார் என்னை மறுபடி உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தினார். சம்மதமா என்று கேட்டதற்கு இவள் இன்னும் பதில் சொல்லவில்லை என்றார். ஏன் என்பதை என்னிடமே சொல்லும்படி அவளிடம் சொன்னார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “இவுரு சிரிச்சா பயமா கீது சாமி. எங்க நைனா சிரிச்சிகினேதான் அடிக்கும். எங்கம்மாவுக்கு ஒரு காது கேக்காது.”

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்புத்தான் முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். நீ எதற்குச் சிரிக்கிறாய் என்று சாமியார் கேட்டார். இதுவரை யாரும் கேட்டதில்லை.

“பயந்தா சிரிப்பு வந்துடுது சாமி. இப்போகூட.”

அவள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். “அப்ப சிரிங்க,” என்றாள். “கைய மட்டும் எனக்குத் தெரியிற எடத்துல வெச்சிக்கினு சிரிங்க.”

அந்த அறையில் இந்தப் பேச்சு நடக்காமல் தாலி கட்டியிருந்தால்? முதல் இரவே நான் பயத்தில் சிரித்திருப்பேன், அவள் சுவரோடு ஒண்டியிருப்பாள். ஏன் என்று தெரியாமலே இரண்டு பேரும் கிழடாகியிருப்போம். மந்திரப் பரீட்சை என்று நான் கேலி செய்த சனிக்கிழமை அது.

சாமியார் வெளியே வந்து, கல்யாணம் வரைக்கும் பெண் கன்னியர் மடத்தில் தங்கி மந்திரம் படிக்கட்டும் என்று அவள் அப்பாவிடம் சொன்னார். மந்திரம் தெரியாதவன் நான். மடத்துக்குப் போனவள் அவள்.

அவர் சாமியாரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். “இன்னா மாப்ள, உள்ள இன்னா சொன்னா எம்பொண்ணு?”

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு ஏறியது. அடக்க முடியவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்து முன்னால் நீட்டிக்கொண்டு சிரித்தேன், பிச்சை கேட்பவனைப் போல. எதிரே இருந்த மடத்து வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.