கோமதிநாயகத்தின் பச்சைத் தேநீர்

பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர் கோமதிநாயகம். வேலை போனாலும் சந்தேகம் போகவில்லை. அடுத்தவர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

ஜப்பானில் கணவனோடு சிலகாலம் இருந்துவிட்டு வந்த நஸ்ரின் பானு, எதிர்வீட்டு முன்னறையில் ஜப்பான் தேநீர் மியூசியம் திறந்தாள். நுழைவு இலவசம் என்றதுமே அவருக்கு உறுத்தியது. கூரியரில் சின்னச் சின்ன டப்பாக்கள் வேறு வந்தன. ஒருநாள் நேரே போய்விட்டார்.

உள்ளறை வாசல் இடுப்புயரம்தான் இருந்தது.

"இம்புட்டுக் குட்டையா வச்சி எதை மறைக்கே?"

"அங்கன தேநீர் அறை இப்படித்தான் அண்ணாச்சி. பெரிய வீரன்னாலும் வாளை வெளிய வச்சிட்டு, குனிஞ்சுதான் வரணும்."

அவர் தவழ்ந்து உள்ளே போனார். மருதாணிப்பொடி போன்ற ஒன்றைக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் மத்தால் நுரைக்க அடித்து நீட்டினாள்.

"நீ முதல்ல குடி."

"விருந்தாளிதான் முதல்ல குடிக்கிறது வழக்கம். பரவாயில்ல, உங்களுக்காகக் குடிக்கேன்."

அவள் ஒரு வாய் குடித்து, விளிம்பைத் துடைத்து வைத்தாள். அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, அவரும் குடித்தார்.

"கசக்கு."

நஸ்ரின் சிரித்தாள். "வந்தவங்க எல்லாரும் பிரமாதம்னாங்க. முகத்தைப் பாத்தா நம்ப முடியல. நீங்கதான் உள்ளதைச் சொல்லுதீங்க."

தன்னைப்போல இவளும் ஆட்களைச் சந்தேகப்பட்டிருக்கிறாள் என்பது அவருக்கு என்னவோ ஆறுதலாக இருந்தது.

"சீனி உண்டா?"

"இதுக்குச் சீனி போடமாட்டாங்க. அடுப்படியில இருக்கு."

கோமதிநாயகம் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துட்டு வா. என் கண்ணு முன்னால போடு."