மதலேன் மாமி வீட்டுச் சோறு

செவ்வாய்க்கிழமை காலை கந்தோரில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதிரையில் உட்கார்ந்த நேரம் என் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "மதலேன் மாமி மோசம் போயிட்டா" என்றார். முதற்பூசைக்கு வெளிக்கிட்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு, விறாந்தையில் இருந்தபடியே போய்விட்டாராம். தொண்ணூற்றொரு வயது. படுக்கை, ஆஸ்பத்திரி ஒன்றும் இல்லை. நல்ல சாவு என்று ஊரே சொன்னது, நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனாலும் அன்று எனக்கு வேலை ஓடவில்லை. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து ஊருக்கு பஸ் ஏறினேன்.

இந்த நினைவு மலருக்கு எழுதித் தரும்படி மாமியின் மகன் கேட்டபோது, "உங்கடை அம்மாவைப் பற்றி எழுதினா சாப்பாட்டைப் பற்றித்தான் வரும்" என்றேன். "வேறை என்னத்தை எழுதப் போறியள்?" என்று அவரும் சிரித்தார். இதை வாசிக்கும் எங்கள் பங்கு மக்களில் அந்த வீட்டில் சாப்பிடாதவர் எவரும் இருக்கமாட்டார். மாமி யாரிடமும் சாப்பிட்டாயா என்று கேட்டதே இல்லை. "சாப்பிட்டியோ எண்டு கேட்டா ஆரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். முதல் கோப்பையை வை, பிறகு கதை" என்பார். தபால்காரர், மின்சார மீற்றர் பார்க்க வருகிறவர், வழி தவறி ஒழுங்கைக்குள் புகுந்தவர் எல்லோரும் அந்தச் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மாமியைப் புனிதையாக்கி எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஆகவே குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தன்னுடைய பொருளைக் கொடுப்பது போலவே மற்றவர்களுடைய பொருளையும் தாராளமாகக் கொடுத்துவிடுவார். ஒரு மழை நாளில் அவர் வீட்டுச் சுவரில் நான் சாத்திவைத்த புதுக்குடை ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியோடு போய்விட்டது. கேட்டதற்கு, "நீ ஓடிப் போகலாம். அவளாலை ஓடேலாது" என்றார். அடுத்தது, பிரசங்கம் தொடங்கினால் தூங்கிவிடுவார். இருட்டோடு எழும்பிச் சமைத்துவிட்டுப் பூசைக்கு வருகிறவர் வேறு என்ன செய்வார்? ஒருமுறை பங்குச் சாமியார் நேரடியாகவே கேட்டுவிட்டார். அதற்கு மாமி, "நீங்கள் நல்ல விசயந்தான் சொல்லுவியள் எண்டு தெரியும் சுவாமி. அதாலை நிம்மதியா நித்திரை வருது" என்றாராம்.

சண்டைக் காலத்தில் ஊரோடு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது, நாங்கள் எல்லோரும் காணி உறுதிகளையும் நகைகளையும் மூட்டை கட்டினோம். மாமி சைக்கிள் கரியரில் பெரிய கிடாரத்தைக் கட்டி உருட்டிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பக்கத்து வீடு எங்களுடையது. என் அம்மாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "உதுக்குள்ளை என்னத்தைப் போட்டுச் சமைக்கப் போறியள்?" என்று கேட்டார். "கிடாரம் இருந்தா ஆரும் அரிசி கொண்டு வருவினம்" என்றார் மாமி. நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு சுண்டு அரிசி கொண்டுவந்து கொட்ட, அந்தக் கிடாரத்தில்தான் எல்லோருக்கும் கஞ்சி வெந்தது. அம்மாவும் வாங்கிக் குடித்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன். இது ஊருக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அரைவாசிதான் தெரியும்.

ஊர் திரும்பிச் சில வருடங்களின் பின் எனக்கு முப்பத்தொரு வயது. அப்பா இல்லாத வீடு. இரண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து என்னைப் பார்த்தார்கள். பலகாரம் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, "பிறகு சொல்லி அனுப்புறம்" என்று எழும்பிப் போனவர்கள் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் சோறு சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். மூன்றாவதாகக் குருநகரிலிருந்து ஒரு குடும்பம் வருவதாகச் செய்தி வந்தது. இதுவும் சரிவராவிட்டால் இனி ஒருவருக்கு முன்னாலும் தட்டத்தோடு வந்து நிற்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

அது அம்மாவும் மாமியும் கதைக்காமல் இருந்த காலம். மாமியின் ஆடு வேலியால் புகுந்து அம்மாவின் பூசணிக் கொடியைத் தின்றுவிட்டதில் எட்டு மாதக் கோபம். ஆகவே யார் வருகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்று அம்மா பக்கத்து வீட்டுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவர்கள் வந்தது கோயில் திருநாளுக்கு முந்திய ஞாயிறு. நவநாள் செபத்துக்கு வெளியூரிலிருந்து வரும் சனத்துக்கு அன்று மாமி வீட்டில் மத்தியானச் சாப்பாடு நடக்கும். குருநகர் வான் ஒழுங்கைக்குள் வந்தபோது மாமி படலையில் நின்றார். இவர்கள் என்ன கேட்டார்களோ, அவருக்கு என்ன விளங்கியதோ, "உள்ளுக்கை வாங்கோ" என்று கூட்டிப் போய் ஐந்து பேரையும் இருத்திவிட்டார். வாயைத் திறக்குமுன் கோப்பை வந்துவிட்டது. சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, ஆட்டிறைச்சிக் கறி. பூசணிக் கொடி தின்ற அதே ஆடுதான். மாப்பிள்ளையின் தாய் தயங்கிப் பார்க்க, பெரியப்பா அதற்குள் இரண்டு கவளம் விழுங்கிவிட்டாராம்.

வேலிக்கு இப்பால் நான் சீலை உடுத்து வியர்த்துக்கொண்டிருந்தேன். அம்மா குசினிக்கும் படலைக்கும் நடந்து நடந்து களைத்துப் போனார். சொன்ன நேரம் கடந்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பின், சாப்பிட்டுக் கை கழுவிய ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு மாமி எங்கள் படலையைத் திறந்தார். "பொம்பிளைப்பிள்ளை இஞ்சைதான் இருக்குது" என்றார்.

பெரியப்பாவின் முகம் கறுத்தது. "அப்ப நாங்கள் ஆருடைய வீட்டிலை சாப்பிட்டனாங்கள்?" என்று கேட்டார்.

அம்மா மாமியைப் பார்த்தார். சும்மா பக்கத்து வீடு என்று சொன்னால், தங்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்து வந்தவர்கள் அப்படியே வானில் ஏறிவிடுவார்கள். கதவுக்குப் பின்னால் நான் தேத்தண்ணித் தட்டத்தைக் கீழே வைத்தேன். எட்டு மாதம் அந்தப் பக்கம் திரும்பியும் பாராத அம்மா, "அது என்ரை அக்கா வீடு" என்றார்.

மாப்பிள்ளையின் தாய் சிரித்துவிட்டார். "அப்ப என்ன, பொம்பிளை வீட்டிலை சோறு திண்டாச்சு. இனிப் பொம்பிளையைக் கூப்பிடுங்கோ" என்றார். நான் தேத்தண்ணியோடு வந்தேன். மாப்பிள்ளைக்கு அதைக் குடிக்க வயிற்றில் இடமில்லை. மூன்று மாதத்தில் கலியாணம் நடந்தது. சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் சொன்னதை மாற்ற முடியாமல் அம்மா அன்றிலிருந்து மாமியை அக்கா என்றே கூப்பிட்டார். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு, பிறகு மனதாக. அம்மாவின் கடைசி நாள்களில் பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்கியவர் அந்த அக்காதான்.

கோயிலுக்கு வந்த ஆட்கள் என்று நினைத்து மாமி மாப்பிள்ளை வீட்டாருக்குச் சோறு போட்ட பிழை எங்கள் ஊரில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் கதையாகிவிட்டது. போன மார்கழியில் நத்தாருக்குப் போனபோது நானும் அதைச் சொல்லித்தான் அவரைச் சீண்டினேன். "ஆரெண்டு கேளாமல் சோறு போட்டு எனக்குக் கலியாணம் செய்து வைச்சனீங்கள், என்ன மாமி?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "பொம்பிளை வீடு இதுவோ எண்டு கேட்டவை. அப்ப எனக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. "தெரிஞ்சுகொண்டோ கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"வேலிக்கு அங்காலை பணியாரம் சுடுற மணம் அது மூண்டாந்தரம். கொம்மா சும்மா எண்ணெய்ச்சட்டி வைக்கிறவளோ? முந்தி வந்த ரெண்டு கூட்டமும் தேத்தண்ணியோடை எழும்பிப் போச்சுது. அதுதான் சோத்தைப் போட்டன்."

"பொய்யெல்லோ மாமி?"

"எங்கை பொய் சொன்னனான்? உள்ளுக்கை வாங்கோ எண்டுதானே சொன்னனான். எண்டாலும் பாவசங்கீர்த்தனத்திலை சாமியாரிட்டைச் சொல்லிப்போட்டன். மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னவர்."

சிரித்து முடிய நான் கேட்டேன்: "அம்மாவுக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

மாமி கத்தியைக் கீழே வைத்தார். "சொல்லியிருந்தா அக்கா எண்டு கூப்பிடுறதை விட்டிருப்பாள், பிள்ளை" என்றார். "எனக்குக் கூடப்பிறந்தவை ஒருத்தருமில்லை."

அடக்கம் முடிந்து மாமி வீட்டுக்கு வந்தபின், மாமியின் மகன் அலுமாரியைத் திறந்து வைத்து, தன் தாயின் நினைவாக விருப்பமானதை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். பலரும் எடுத்தார்கள். எனக்கு ஒன்றும் எடுக்கத் தோன்றவில்லை. பெட்டி சுமந்த தோளைத் தடவிக்கொண்டு என் கணவர் படலையில் நின்றார், பக்கத்தில் எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளும் நின்றார்கள். மாமி எனக்குத் தந்த மூன்று பேரையும் நான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.