கோழிக் கொட்டகையில் சீர்க்கட்டில்

அண்ணியின் சீர் பீரோ எங்கள் வாசலில் மீன்பாடி வண்டியிலேயே நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. எண்பதுகளில் அயனம்பாக்கத்தில் நாங்கள் குடியிருந்தது வரிசை வீடுகளில் ஒன்று. ஒரே அறை, அதன் மூலையிலேயே அடுப்பு. பீரோ உள்ளே வந்தால் அம்மாவும் அண்ணனும் நானும் வெளியே போக வேண்டியதுதான். பின்னாலேயே கட்டில், தையல் மெஷின், அண்டா குண்டா எல்லாம் வந்தன. அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை என்றால் கட்டில், பீரோ கேட்காமல் விடமாட்டார்கள். எங்கே வைப்பது என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை, வாய்திறந்து கேட்டு வாங்கிய என் அம்மா உட்பட.

விற்றுவிடலாம், இல்லையென்றால் அண்ணியின் ஊரான வேப்பம்பட்டுக்கே திருப்பி அனுப்பலாம் என்றாள் அம்மா. அண்ணி இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுடைய அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்கு நடவும் அறுப்பும் பார்த்து வாங்கிக்கொடுத்தவை அவை. கொடுத்த சீர் திரும்பி வந்தால் அவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. புதுப்பெண் என்ற வெட்கமெல்லாம் பார்க்காமல் ஏரிக்கரைப் பக்கம் அலைந்து, மூடிக்கிடந்த ஒரு கோழிக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தாள். தானே கழுவிச் சுண்ணாம்பு அடித்தாள். தையல் மெஷின் மட்டும் வீட்டுக்குள் வந்தது. அதில் ஜாக்கெட் தைத்தே வாடகையைக் கட்டினாள்.

பிறகு தெருவே அவள் பின்னால் வந்தது. எல்லார் வீட்டுச் சீர்க்கட்டிலும் வாசலில் மழையில் ஊறிக்கொண்டுதானே கிடந்தது. வாடகையைப் பகிர்ந்துகொண்டார்கள், சாவி அண்ணியிடம். ஈரத்தோடு பாத்திரம் கொண்டுவந்தால் வாசலிலேயே நிறுத்தித் துடைக்கவைப்பாள். இன்று அம்பத்தூர் அடுக்குமாடிக்காரர்கள் சாமான் வைக்க மாத வாடகைக்கு அறை எடுப்பதைப் பெரிய புதுமை போலச் சொல்கிறார்கள். எங்கள் அண்ணி அதை எப்போதோ செய்துவிட்டாள் என்று நான் போகுமிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறேன்.

தலைப்பொங்கல் சீரோடு அவள் அப்பா வந்தார். கொட்டகை விஷயம் அவருக்குத் தெரியாது. அறையை ஒரு சுற்றுப் பார்த்தவர், கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். விற்றுத் தின்றுவிட்டோம் என்றே நினைத்திருப்பார். கட்டிலைப் பாலிஷ் போடக் கொடுத்திருப்பதாக அம்மா ஆரம்பித்தாள். அண்ணி அவளை முடிக்கவிடவில்லை.

"நைனா, ஒண்ணும் எங்கயும் போவல. எங்கூட வா, காட்டுறேன்."

நானும் கூடப் போனேன். செங்கல் மேல் ஏற்றிய கட்டில், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பளபளத்த பீரோ. ஆனால் கட்டில் மேல் யார் யாருடையதோ தொட்டில், பாய், பாத்திர மூட்டை. அவர் முகம் சுருங்கிவிட்டது. அந்நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, பொங்கல் வைக்கத் தன் வெண்கலப் பானையை எடுத்துக்கொள்ளலாமா என்று அண்ணியிடம் கேட்டாள். தன் பொருளை எடுக்க அந்தப் பெண் அவருடைய மகளிடம் அனுமதி கேட்பதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சாமானு எல்லாம் பத்திரமா கீது நைனா. ஊடு தான் சின்னது," என்றாள் அண்ணி.

அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து, வைத்த தண்ணீரைக் குடித்தார். சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போனார்.

அடுத்த பொங்கலுக்கும் வந்தார். சீர்த்தட்டில் மஞ்சள் கொத்துக்கும் வெல்லத்துக்கும் நடுவே, குங்குமம் வைத்த புதுப் பித்தளைப் பூட்டு ஒன்று இருந்தது. தெருப் பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, முதலில் அதைத்தான் எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

"உன் கொட்டாய்க்குப் போட்டுக்கோம்மா."